ஒகோன்க்வோ வீட்டு விரிசல் – ஓர் ஆப்பிரிக்க நாவலைப் படித்த எண்ணங்கள்

தானியக் கடை வைத்திருப்பவனுக்கு ஆப்பிரிக்க நாவலோடு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடியேன் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாக்பூர் வந்து, இத்வாரி பஜாரில் தராசு பிடித்தவன். தமிழ் நூல்களைக் கடையை மூடிய பிறகு படித்துப் பழகியதே என் கல்வி. மூத்த மகள் வயிற்றுப் பேத்தி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். தீபாவளி விடுமுறையில் அவள் விட்டுப்போன பாடப் புத்தகத்தை, பொழுது போகாமல் எடுத்துப் புரட்டினேன். 'திங்ஸ் ஃபால் அபார்ட்' என்று பெயர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முடித்தேன். பிறகு திரு. என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருப்பதையும் தேடிப் பிடித்துப் படித்தேன். அதிலிருந்து எனக்குக் கிடைத்ததை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

இதை எழுதியவர் சினுவா அச்சிபி. 1930ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நைஜீரியாவின் தென்கிழக்கே ஒகிடி என்னும் ஊரில், இக்போ இனத்தில் பிறந்தவர். தந்தையார் கிறித்தவ சபையில் உபதேசியாராக இருந்தவர். இபாதான் கல்லூரியில் படித்தபோது, ஜாய்ஸ் கேரி என்ற ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர் 1939இல் நைஜீரியாவைப் பற்றி எழுதிய நாவல் ஒன்று பாடமாக வந்தது. அதில் தம் மக்கள் கோமாளிகளாகக் காட்டப்பட்டிருந்தது அவரை உறுத்தியது. நம் கதையை நாமே சொல்லவேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்த விதை. 1958இல் லண்டனில் ஹைனமன் நிறுவனம் இந்நாவலை முதலில் 2,000 பிரதிதான் அச்சிட்டது. பிற்காலத்தில் அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிற்று. தலைப்பை அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கவிதையிலிருந்து எடுத்தார். 2013 மார்ச் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலமானார்.

கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒன்பது கிராமங்கள் சேர்ந்த உமுவோஃபியாவில். நாயகன் ஒகோன்க்வோ பேர்போன மல்லன். தகப்பன் உனோகா குழல் ஊதுவதில் கெட்டிக்காரர்; ஆனால் ஊரெல்லாம் கடன் வைத்துச் செத்தவர். தகப்பனைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பயம் ஒன்றே மகனை ஓட்டுகிறது. மென்மை எதைக் கண்டாலும் அவனுக்கு ஆகாது.

வியாபாரியின் கண்ணில் பட்டவை

நமக்குக் கணக்குப் புத்தி போகாதல்லவா? உனோகா தன் கடனைச் சுவரில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். கோடு ஒன்றுக்கு 100 சோழி. கடன் கேட்க வந்தவரிடம் அந்தச் சுவரைக் காட்டி, பெரிய கடன்காரர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சிரிக்கிறார்! இப்படிப்பட்ட ஆசாமிகளை நம் பஜாரிலும் பார்த்திருக்கிறோம்.

சோழிக்கும் நம் கடலுக்கும் தொடர்பு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கிய சோழியில் பெரும்பகுதி நமக்குத் தென்மேற்கே உள்ள மாலத்தீவில் எடுக்கப்பட்டது. வங்காளம், இலங்கை வழியாக ஐரோப்பியக் கப்பல்களில் போய், அங்கே பண்டத்துக்கும், வெட்கக்கேடு, அடிமைகளாக மனிதர்களுக்குமே விலையாக எண்ணிக் கொடுக்கப்பட்டது.

தகப்பன் சொத்து ஒன்றுமில்லாத ஒகோன்க்வோ, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் 800 விதைக் கிழங்கு வாரத்துக்கு வாங்கித் தொழில் தொடங்குகிறான். நம் பெருவள்ளிக்கிழங்கு இனம்தான் அது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் உழைத்தவனுக்கு. இன்னோரிடத்தில் பெண்ணுக்குப் பரிசம் பேசுகிறார்கள். வாயால் பேரம் இல்லை. ஈர்க்குச்சிக் கட்டு கைமாறுகிறது. ஒருவர் குச்சியைக் கூட்டுகிறார், மற்றவர் குறைத்துத் திருப்புகிறார். கடைசியில் 20 மூட்டைச் சோழிக்கு முடிகிறது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. முகம் முறியாமல் பேரம் முடிய மனிதன் எங்கேயும் ஒரு வழி கண்டிருக்கிறான்.

ஊரின் ஒழுங்கு

அந்த மக்களுக்குச் சட்டம் இல்லை, நாகரிகம் இல்லை என்றுதான் வந்தவர்கள் எழுதிவைத்தார்கள். நாவல் காட்டுவது வேறு. விதைப்புக்கு முன் ஒரு வாரம் அமைதி வாரம். பூமித் தெய்வம் ஆனிக்காக அந்த வாரம் யாரும் யாரையும் கடிந்தும் பேசக்கூடாது. அந்த வாரத்தில் மனைவியை அடித்த ஒகோன்க்வோ, பெரிய ஆள் என்றும் பாராமல், ஒரு பெட்டையாடு, ஒரு கோழி, ஒரு துணி, 100 சோழி அபராதம் கட்டவேண்டியிருக்கிறது. தசலட்சண பருவம் முடிந்து ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, அந்த இடத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது.

ஆனால் அச்சிபி தம் ஊருக்கு வெள்ளையடிக்கவில்லை. இரட்டைப் பிள்ளை பிறந்தால் பானையில் வைத்துக் காட்டில் எறிந்துவிடுவார்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட 'ஒசு' என்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் அவர்களோடு மணவுறவு கொள்ளமாட்டார்கள். கிழக்கு நைஜீரியாவில் இந்த வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்ததே 1956இல்தான். நாவல் வருவதற்கு இரண்டே ஆண்டு முன்னால்.

விரிசல் எங்கே விழுந்தது?

வெள்ளைக்காரன் வந்தான், ஊர் சிதைந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவனிடம் துப்பாக்கி இருந்தது, கோர்ட்டு இருந்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் முதல் விரிசல் அதற்கு முன்பே, ஒகோன்க்வோ வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது என்பது என் துணிபு.

பக்கத்து ஊரிலிருந்து இழப்பீடாக வந்த இகெமெஃபுனா என்ற பையன் மூன்றாண்டு அவன் வீட்டில் வளர்கிறான். மூத்த மகன் நிவோயேக்கு அண்ணன் மாதிரி. ஒகோன்க்வோவை அப்பா என்றே கூப்பிடுகிறான். ஒருநாள் தெய்வ வாக்குப்படி அவனைக் கொல்லவேண்டும் என்று முடிவாகிறது. உன்னை அப்பா என்று அழைப்பவன், நீ அதில் கைவைக்காதே என்று ஊர் முதியவரே எச்சரிக்கிறார். ஆனாலும் கோழை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், ஒகோன்க்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். அன்று இரவு நிவோயேக்கு உள்ளே ஏதோ அறுந்துபோகிறது. காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையைக் கேட்ட அன்றும் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று அவன் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் கேட்க முடியாது.

பின்னாளில் பாதிரிமார் வந்து பாடியபோது, அவர்களுடைய தத்துவம் எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. மனத்தில் கிடந்த அந்தக் கேள்விக்கு அந்தப் பாட்டு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். முதலில் போனவர்கள் யார் என்று பாருங்கள்: இரட்டைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், ஒசு மக்கள், நிவோயே. ஊர் யார் துக்கத்தைக் காதில் வாங்கவில்லையோ அவர்கள்தாம் கதவைத் திறந்துவிட்டார்கள்.

பிறகு கோர்ட்டு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேரைச் சிறையில் அடைத்து அதிகாரி 200 மூட்டைச் சோழி அபராதம் போடுகிறார். கோர்ட்டுச் சேவகர்கள் ஊரில் வந்து 250 என்று சொல்லி, ஐம்பதைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். பாஷை தெரியாத அதிகாரத்துக்கும் பேச வழியில்லாத மக்களுக்கும் நடுவே நிற்பவன் பிழைத்துக்கொள்கிறான். கடைசியில் ஒரு சேவகனை வெட்டிய ஒகோன்க்வோ, ஊர் தன்னோடு எழவில்லை என்று கண்டு தூக்கில் தொங்குகிறான். அந்த முழு வாழ்க்கையும் அதிகாரி எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தி. அவ்வளவே.

தாய்மாமன் ஊரில் ஏழு ஆண்டு

வெளி மாநிலத்தில் வாழும் நாம் கவனிக்கவேண்டிய பகுதி நடுவில் இருக்கிறது. கைதவறித் துப்பாக்கி வெடித்து ஒரு பையன் இறந்ததற்காக ஒகோன்க்வோ ஏழு ஆண்டு ஊரைவிட்டுப் போகவேண்டி வருகிறது. தாய்வழி ஊரான எம்பாண்டா அவனுக்கு நிலம் கொடுக்கிறது, விதை கொடுக்கிறது, வீடு கட்டிக் கொடுக்கிறது. தாய்மாமன் உசெண்டு புத்தி சொல்கிறார். ஆனால் அவன் மனசு ஒட்டவே இல்லை. அங்கே பிறந்த பெண்ணுக்கு, மாமன்மார் முகத்துக்காக, 'தாயே பெரியவள்' என்று பொருள்படும் பெயரை வைக்கிறான். பிறகு பிறந்த மகனுக்கு 'வனாந்தரத்தில் பிறந்தவன்' என்று பெயர். சோறு போட்ட மண் அவனுக்கு வனாந்தரம்! அந்த ஏழு ஆண்டில்தான் மூத்த மகனும் கையைவிட்டுப் போகிறான்.

நாமும் ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறோம். பிள்ளைகளுக்கோ இதுதான் பிறந்த ஊர். நம் மொழியும் வழக்கமும் அவர்களுக்கு ஏன் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், கேட்டதே குற்றம் என்று பாய்கிறோம்.

என் கதையையே சொல்லிவிடுகிறேன். என் மகன் பதினான்கு வயதில் கேட்டான்: "பொழுது போன பிறகு ஏம்பா சாப்பிடக்கூடாது? ஸ்கூல்ல கேலி பண்றாங்க." கடையில் கூட்டம். "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ, எதிர்த்துப் பேசாதே" என்று அதட்டினேன். விளக்கைத் தேடி வரும் பூச்சி புழுவும் நம்மால் சாகக்கூடாது என்ற கருணைதான் காரணம். சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. என்னோடு தமிழில் பேசுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிற்று. இராச் சாப்பாட்டு வழக்கம் அவன் வீட்டில் இன்று இல்லை.

நாவலை முடித்த அன்று அவனைப் போனில் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான், தமிழில்.

ஆகவே அன்பர்களே, இந்நாவலை வாங்கிப் படியுங்கள்; பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவர்கள் ஏதாவது கேட்டு வந்தால், கல்லாவை ஐந்து நிமிடம் பூட்டிவிட்டு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். ஒகோன்க்வோ செய்யத் தவறியது அதுதான்.