நான்கு ஆண்டு மௌனமும் ஒரு போர் விமானியும்

1932 ஜூலை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 19 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பெயர் பெஞ்சமின் டேவிஸ். கருப்பினத்தவர். சேர்ந்த சில நாட்களில், மாணவர் கூட்டம் நடக்கிறது என்று தகவல் வந்தது. இவரும் போனார். வாசலை நெருங்கும்போதே பேச்சு காதில் விழுந்தது. இந்தக் கருப்பனை என்ன செய்வது என்பதுதான் கூட்டத்தின் பொருள். பேசாமல் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அவரை யாரும் அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பாடம், பயிற்சி தொடர்பான வார்த்தைகளைத் தவிர நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரிடம் பேசவே இல்லை. அறையில் தனியாள். சாப்பாட்டு மேசையில் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனியாள். தானாகவே ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஓடவில்லை. 1936-இல் 276 பேரில் 35-ஆவது இடம் பெற்று வெளியே வந்தார்.

பள்ளியில் தனியே கோணிச் சாக்கில் உட்கார்ந்து படித்த அண்ணல் அம்பேத்கரை அறிந்த நமக்கு, இந்த மௌனத்தின் பெயர் தெரியும். தீண்டாமை எப்போதும் கையை ஓங்கிக்கொண்டு வருவதில்லை. பல நேரங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது.

டேவிஸின் கனவு விமானம். 13 வயதில் ஒருமுறை பறந்ததிலிருந்து பிடித்த ஆசை அது. கல்லூரியில் இருந்தபோதே ராணுவத்தின் விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். கருப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். காலாட்படைக்கு அனுப்பினார்கள். அங்கே அதிகாரிகள் மன்றத்தின் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஒரு கருப்பர் உத்தரவிடும் நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆசிரியப் பணி போன்ற ஒதுக்குப்புற வேலைகளே கிடைத்தன.

கருப்பின மக்கள் அமைப்புகளும் பத்திரிகைகளும் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான் கதவு சற்றே திறந்தது. 1941-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கருப்பினத்தவருக்கெனத் தனியாக விமானிப் பயிற்சி தொடங்கியது. முதல் அணியில் 13 பேர். 1942 மார்ச்சில் தேறியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் டேவிஸ்.

அவர் தலைமையில் 99-ஆவது போர் விமானப் பிரிவு 1943-இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனது. சில மாதங்களிலேயே, இவர்களுக்குப் போரிடும் துணிவு போதாது என்று மேலதிகாரி ஒருவர் அறிக்கை அனுப்பினார். டேவிஸ் வாஷிங்டனில் போர்த் துறைக் குழுவின் முன் நின்று, தம் வீரர்களுக்காக வாதாடினார். 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ வான்வெளியில், அதே பிரிவு இரண்டே நாளில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியது. பழி அத்துடன் ஓய்ந்தது.

போர் முடிந்தும் படைக்குள் பிரிவினை நீடித்தது. 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்த பிறகே அது உடையத் தொடங்கியது. விமானப் படையில் அந்த ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவரும் திட்டத்திலும் டேவிஸின் கை இருந்தது. 1954-இல் அமெரிக்க விமானப் படையின் முதல் கருப்பின ஜெனரல் ஆனார். 1970-இல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 2002-இல் மறைந்தார். அவரிடம் பேச மறுத்த வெஸ்ட் பாயிண்டில் இன்று ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயர்.

இந்தக் கதையைச் சொன்னால், பாருங்கள், திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்று சிலர் உடனே முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. டேவிஸின் திறமை 1936-லும் இருந்தது. விமானத்தில் ஏற்றவில்லையே! போராட்டமும் அரசாணையும் சேர்ந்த பிறகுதான் அந்தத் திறமைக்கு வானம் கிடைத்தது. ஒருவர் தாங்கினார் என்பதற்காக, எல்லோரும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நியாயமும் அல்ல. அந்த நான்கு ஆண்டு மௌனத்தில் தேர்வில் தோற்றவர்கள் சுற்றியிருந்தவர்கள்தான்.

1991-இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு அவர் தம் பெயரையே தலைப்பாக்கி, பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: அமெரிக்கர். 'கருப்பின' என்ற முன்னொட்டு அதில் இல்லை.

உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ அலுவலகத்திலோ ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.