விமான மைலும் ஒரு சரக்குதான்!

சோப்பு உறையைச் சேர்த்துக் கொடுத்தால் ஸ்பூன், டீத்தூள் பொட்டலத்துக் கூப்பனைச் சேர்த்துக் கொடுத்தால் கண்ணாடி டம்ளர் என்று எத்தனையோ இனாம் திட்டங்கள் நம் கடைகளின் வழியே போயிருக்கின்றன. கூப்பனை எண்ணி வாங்கி, டம்ளரை எடுத்துக் கொடுத்து, கம்பெனிக்காரரிடம் கணக்கு ஒப்படைத்தவர்கள் நாம். இதே வியாபாரத்தை விமானக் கம்பெனிகள் "மைல்" என்ற பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகின்றன.

"இந்தக் கார்டை வாங்குங்கள், மைல் சேரும், முதல் வகுப்பில் வெளிநாடு போகலாம்" என்று சொல்லிக்கொண்டு வங்கிக்காரர்கள் இப்போது நம் கடைப்படி ஏறுகிறார்கள். "இது நிஜமா, ஏமாற்றா?" என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். நிஜம்தான். கணக்குத் தெரிந்தவருக்கு அது லாபம். தெரியாதவருக்கு அது வட்டி. இரண்டையும் இங்கே பார்ப்போம்.

மளிகைக் கடையில் கிடைத்த 12 லட்சம் மைல்

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது இது. டேவிட் பிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினீயர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். ஹெல்தி சாய்ஸ் என்ற உணவுப்பொருள் கம்பெனி அப்போது ஒரு சலுகை அறிவித்திருந்தது. அதன் தயாரிப்புகளில் உள்ள பார்கோடுகளில் பத்தை வெட்டி அனுப்பினால் 500 விமான மைல். மே மாதத்துக்குள் அனுப்பினால் இரட்டிப்பாக 1,000 மைல்.

நூறு பேர் படித்துவிட்டுக் குப்பையில் போடும் விளம்பரம். பிலிப்ஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்தக் கம்பெனியின் பொருள்களில் விலை மலிவானது எது என்று கடை கடையாகத் தேடினார். தள்ளுபடி மளிகைக் கடை ஒன்றில் சிறு கிண்ணங்களில் அடைத்த புட்டிங் 25 சென்டுக்குக் கிடைத்தது. அந்தக் கடையின் கிளைகளுக்கெல்லாம் போய் மொத்தம் 12,150 கிண்ணங்கள் வாங்கிவிட்டார். செலவு 3,140 டாலர். இத்தனை எதற்கு என்று கேட்டவர்களிடம், 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும் என்ற பயத்தில் சேமித்து வைப்பதாகச் சொன்னாராம்.

வாங்கிவிட்டார். பார்கோடு வெட்டுவது யார்? தின்பது யார்? சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனத்திடம் போனார். "புட்டிங் உங்களுக்கு, உறை எனக்கு" என்றார். தொண்டர்கள் உறையைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஏழைகளுக்குப் புட்டிங் கிடைத்தது. நன்கொடை என்ற வகையில் அவருக்கு 815 டாலர் வரிச் சலுகையும் வந்தது. கைக்கு வந்த மைல் 12 லட்சத்துக்கும் மேல். மைல் ஒன்றுக்கு அடக்க விலை கால் சென்டு. பின்னர் 2002-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் இந்தச் சம்பவத்தைத் தழுவிய காட்சிகளும் இடம்பெற்றன.

இந்தக் கதையில் நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர் செய்தது முழுக்க முழுக்க மளிகைக்காரர் வேலை. விதியைப் படித்தார், அடக்க விலை பார்த்தார், சரக்கைக் கொள்முதல் செய்தார், தேங்காமல் தள்ளினார், கெடு நாளுக்குள் முடித்தார். கடன் வாங்கவில்லை.

மைல் எப்படிப் பிறந்தது?

மைல் திட்டத்துக்கு முன்னோடி மளிகைக் கடைதான். 1896-லேயே அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை நிற ஸ்டாம்புகளை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அதை வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். வாடிக்கையாளர் புத்தகத்தில் ஒட்டி நிரப்பி, பாத்திரம் பண்டம் வாங்கிக்கொள்வார்.

1978-ல் அமெரிக்க அரசு விமானத் தொழிலில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கட்டணப் போட்டி பிறந்தது. வாடிக்கையாளரைக் கட்டிப்போட வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் தேதி தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் பறந்த தூரத்துக்குத்தான் மைல். அதனால்தான் அந்தப் பெயர். பிறகு வங்கிகள் விமானக் கம்பெனிகளிடம் மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தங்கள் கார்டுதாரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கின. இனாமே மொத்த வியாபாரமாகிவிட்டது.

எவ்வளவு பெரிய வியாபாரம் தெரியுமா? கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் கம்பெனி 2020-ல் தன் மைல் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2021-ல் அதேபோல் 1,000 கோடி டாலர் திரட்டியது. கூப்பனை அடகு வைத்துக் கம்பெனியைக் காப்பாற்றிய கதை இது!

யார் காசு?

இங்கே நம் காதை ஒரு நிமிடம் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் நம் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது வங்கி நம்மிடம் கமிஷன் பிடிக்கிறது. பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வாடிக்கையாளருக்குச் சேரும் மைலின் ஒரு பங்கு அந்தக் கமிஷனிலிருந்துதான் வருகிறது. அதாவது அவர் பறக்கும் டிக்கெட்டில் நம் கல்லாப் பணமும் கொஞ்சம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. மற்றும் ரூபே டெபிட் கார்டு வரவுகளுக்கு இந்தக் கமிஷன் கிடையாது என்பது நமக்கு ஆறுதல். எது எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று மாதம் ஒரு முறையாவது ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.

முதல் வகுப்பு என்றால் என்ன?

பெரிய விமானங்களில் சாதாரண வகுப்பு, அதற்கு மேல் பிசினஸ் வகுப்பு, அதற்கும் மேல் முதல் வகுப்பு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்தை உலகத்திலேயே முதலாவதாக ஓட்டத் தொடங்கியது. அதன் 2017-ஆம் ஆண்டு அமைப்பில் மொத்தம் 471 இடங்கள். அதில் முதல் வகுப்பு அறைகள் ஆறே ஆறு. அறைக்குள் நாற்காலி தனி, கட்டில் தனி. அடுத்தடுத்த இரண்டு அறைகளின் நடுத்தடுப்பை இறக்கினால் தம்பதியர் ஒன்றாகத் தங்கலாம். எமிரேட்ஸ் கம்பெனியின் ஏ380 விமானத்தில் முதல் வகுப்புப் பயணி நடுவானில் ஷவரில் குளிக்கலாம்.

471-க்கு 6 என்ற விகிதத்தைக் கவனியுங்கள். சரக்கு வரத்து மிகக் குறைவு. காசு கொடுத்து வாங்குபவருக்குப் போக மீதியைத்தான் மைலுக்கு விடுவார்கள். ஆகவே மைல் கையில் இருப்பதாலேயே இடம் கிடைத்துவிடாது.

திட்டமிடும் முறை

1. முதலில் ஊரையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறையிலும் டிசம்பர் கடைசியிலும் மைல் இடம் கிடைப்பது கடினம். அப்போது நமக்கும் கடையை விட முடியாது. வியாபாரம் மந்தமான நாட்களில் நாம் கிளம்பினால் இடமும் கிடைக்கும், கடையும் கெடாது. இது வியாபாரிக்கு இயற்கையாக அமைந்த வசதி.

2. முன்கூட்டியே தேடுங்கள். பல கம்பெனிகள் சுமார் 11 மாதத்துக்கு முன்பே முன்பதிவைத் திறக்கின்றன. விற்காத இடத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் மைலுக்கு விடுபவர்களும் உண்டு. இந்த இரண்டு முனைகளில்தான் வாய்ப்பு அதிகம்.

3. கூட்டணியைப் பாருங்கள். விமானக் கம்பெனிகளுக்குள் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் என்று மூன்று பெரிய கூட்டணிகள். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. அதன் புள்ளிகளைக் கொண்டு லுஃப்தான்சா, ஜப்பானின் ஏ.என்.ஏ. போன்ற கூட்டாளிகளின் விமானத்திலும் இடம் கேட்கலாம். ஆனால் நல்ல சரக்கைச் சொந்த வாடிக்கையாளருக்கே ஒதுக்கும் வழக்கமும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்த அறைகள் பெரும்பாலும் அதன் சொந்த உறுப்பினருக்கே.

4. இடத்தைப் பார்த்த பிறகே புள்ளியை மாற்றுங்கள். வங்கிக் கார்டுப் புள்ளிகளை விமான மைலாக மாற்றினால் திரும்ப வாங்க முடியாது. மாறி வருவதற்குச் சில நாள் பிடிக்கவும் கூடும்.

5. வரியை விசாரியுங்கள். மைல் டிக்கெட்டுக்கும் வரியும் சில கம்பெனிகளில் எரிபொருள் கட்டணமும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். முதல் வகுப்பில் இது ஆயிரக்கணக்கில் வரும். ரத்துக் கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டில் எடுத்தால் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது.

மைலுக்கு விலை போடுவது எப்படி?

டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து நாம் கட்டும் வரியைக் கழித்து, மீதியை மைலால் வகுங்கள். உதாரணமாக, ரூ.3,00,000 டிக்கெட்டை 1,00,000 மைலும் ரூ.20,000 வரியும் கொடுத்து வாங்கினால், மைல் ஒன்று ரூ.2.80. ஆனால் மனசாட்சியைக் கேளுங்கள்: மைல் இல்லாவிட்டால் இந்த டிக்கெட்டுக்கு மூன்று லட்சம் கொடுத்திருப்பீர்களா? ஒரு லட்சம்தான் கொடுத்திருப்பேன் என்றால் உங்களுக்கு அந்த மைலின் மதிப்பு 80 பைசாதான்.

அடுத்து வரவுக் கணக்கு. 100 ரூபாய்க்கு ஒரு மைல் தரும் கார்டில் ஆண்டுக்கு 12 லட்சம் செலவழித்தால் 12,000 மைல். ஒரு லட்சம் மைலுக்கு எட்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். மனைவியையும் அழைத்துப் போவதானால் இரட்டிப்பு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. மூன்று ஆண்டில் சேர்வது 36,000. இந்தக் கார்டை மட்டும் நம்பினால் முதல் வகுப்பு எட்டாக்கனிதான்.

நான் கோட்டை விட்ட கதை

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத் தேதியைப் பார்க்காமல் தட்டில் அடுக்க மாட்டேன். முப்பது ஆண்டுப் பழக்கம். ஆனால் மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போய் வந்ததில் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்த மைலுக்கும் தேதி உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி மட்டும், "அந்த மைல் வைத்து அடுத்த முறை கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. "இருக்கட்டும், இன்னும் சேரட்டும்" என்றேன். பேரனின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரில் பார்த்தால் இருப்பு பூஜ்யம். அதற்கு முந்தைய மாதம்தான் காலாவதியாகியிருந்தது. பதின்மூன்று மணி நேரம் அவள் காலை மடக்கி உட்கார்ந்து வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கம்பெனிகளும் நிலையானவை அல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் வேறு பெயரில் தொடர்ந்தாலும், ஏற வேண்டிய விமானம் இல்லாமல் போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. புள்ளிகளும் இடம் மாறின. ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையைக் கம்பெனி நினைத்தால் உயர்த்தலாம். மைல் வட்டி தராது. நாளாக ஆக மதிப்புத்தான் குறையும். சேர்ந்ததும் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

மைல் சேர்ப்பதற்காகக் கொள்முதலைக் கார்டில் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மொத்த வியாபாரி கார்டுக்கு 2 சதவீதம் கூடுதலாகக் கேட்டால், லட்சம் ரூபாய் சரக்குக்கு ரூ.2,000 போய் 1,000 மைல் வருகிறது. மைல் ஒன்று இரண்டு ரூபாய் அடக்கம். பருப்பிலும் சர்க்கரையிலும் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். சொந்தக் கார்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல வங்கிகள் விதியும் வைத்திருக்கின்றன.

கெடு நாளில் முழுப் பணத்தையும் கட்டத் தவறினால் கதை வேறு. கார்டு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போகும். லட்சத்துக்கு மாதம் மூவாயிரத்துக்கும் மேல் வட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி. ஆயிரம் மைலுக்காக இதைக் கட்டுபவர் பறக்கவில்லை, வங்கியைப் பறக்கவைக்கிறார்.

ஆகவே எப்படியும் செய்தாக வேண்டிய செலவுக்குக் கார்டைப் பயன்படுத்துங்கள். முழுத் தொகையையும் நாள் தவறாமல் கட்டுங்கள். மைலுக்கென்று பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வரவு, இருப்பு, காலாவதித் தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். முதல் வகுப்புக்குப் போதாவிட்டால் பிசினஸ் வகுப்பு. அதுவும் போதாவிட்டால் போகும்போது மட்டும் சொகுசு, வரும்போது சாதாரணம். வருடம் முழுவதும் கல்லாவில் நின்று கால் வீங்கிய வீட்டுக்காரிக்கு ஓர் இரவு கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தால், அந்த மைலுக்கு நல்ல விலை கிடைத்துவிட்டது என்று வரவில் எழுதிக்கொள்ளலாம்.