இரண்டே நாளில் அரிப்பு போகும், பூஞ்சை போகாது

"அண்ணா, வண்டுகடிக்கு ஒரு ட்யூப் குடுங்க."

புதுச்சேரியில் எந்த மெடிக்கல் வாசலிலும் சாயங்காலம் சற்று நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். உப்பளத்தில் கேட்கவே வேண்டாம். ஸ்டேடியத்தில் ஆடிவிட்டு நனைந்த ஜெர்சியோடு வரும் பையன்கள், பழைய துறைமுகப் பக்கம் உப்புத் தண்ணீரிலும் ஈர லுங்கியிலும் நாளைக் கழிக்கிறவர்கள், இறுக்கமான ஜீன்ஸில் காலை முதல் இரவு வரை பைக்கை விட்டு இறங்காத டெலிவரி இளைஞர்கள் என எல்லோருக்கும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் ஒரே தொல்லை: வண்டுகடி என்று சொல்லப்படும், வட்டமாகப் பரவும் படர்தாமரை. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, பூஞ்சைக்கு அது போதும்.

ட்யூபைத் தடவிய மறுநாளே அரிப்பு அடங்குகிறது. மூன்றாம் நாள் சிவப்பும் மங்குகிறது. "அருமையான மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகிறது. தடவுவதை நிறுத்திப் பத்து நாள் ஆவதற்குள் வட்டம் திரும்பி வரும், முன்பைவிடப் பெரிதாக. மறுபடியும் அதே ட்யூப். இப்படி ஓர் ஆண்டு ஓட்டியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அந்த ட்யூபுக்குள் இருப்பது ஒரு மருந்தல்ல. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பெரும்பாலும் அது குளோபெட்டசாலாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருக்கும். அரிப்பை இரண்டு நாளில் அடக்கியது இந்த மூன்றாவது ஆள்தான். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. காவல்காரரைத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்ட கதைதான். எதிர்ப்பில்லாத தோலில் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு கலைந்துபோவதால் பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சொல்லவும் முடிவதில்லை. தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் இருபது வயதுப் பையனின் தொடையில் விழுகின்றன. பூஞ்சை போனாலும் அந்தக் கோடுகள் போவதில்லை.

படர்தாமரைக்கு மருந்தில்லாத காலம் ஒன்று இருந்தது. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ரேமண்ட் சபுரோ என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் நூறாண்டுக்கு முன் தலைப்படை வந்த குழந்தைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். எக்ஸ்ரே பாய்ச்சி முடியை உதிரவைப்பதுதான் அன்றைய வைத்தியம். பூஞ்சையை வளர்த்துப் பார்க்க அவர் உருவாக்கிய ஊடகம் அவர் பெயராலேயே இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் இருக்கிறது. நம்மூரில் வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசினார்கள். பிறகு சாலிசிலிக், பென்சாயிக் அமிலங்கள் கலந்த விட்ஃபீல்ட் களிம்பு வந்தது. எரியும், ஆனால் வேலை செய்யும். 1958 வாக்கில் கிரிசியோஃபுல்வின் மாத்திரையும், அதன்பின் குளோட்ரிமசோலும், ஃபுளூகோனசோலும், டெர்பினாஃபினும் வந்தபோது, இனி இது ஒரு நோயே அல்ல என்ற நம்பிக்கை பிறந்தது. டெர்பினாஃபின் இரண்டு வாரம் சாப்பிட்டால் தீர்ந்தது என்ற காலத்தை இன்றைய மூத்த தோல் மருத்துவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 200 நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து நான்கு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2020-இல் வெளியானது. எட்டு வாரம் கழித்துக் குணமானவர்கள் இட்ராகோனசோலில் 66 சதவீதம், ஃபுளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபுல்வினில் வெறும் 14. இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் நூற்றில் எழுபது பேருக்கு மேல் குணமாகவில்லை என்றால், டெர்பினாஃபினை இனி எந்தத் தைரியத்தில் எழுதிக் கொடுப்பது?

காரணம் பூஞ்சையின் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. நம் செல்லின் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் அப்படி. அதைத் தயாரிக்கும் ஒரு நொதியைத் தடுப்பதுதான் டெர்பினாஃபினின் வேலை. அந்த மரபணு மாறி, நொதியின் அமைப்பும் சற்றே மாறிவிட்டால் மருந்து பற்றிக்கொள்ள இடமில்லை. இப்படி மாறிய பூஞ்சை இந்தியாவில் பெருகிக் கிடக்கிறது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டுபிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் முதல் நோயாளிகளாகப் பதிவானார்கள். அவர்களில் ஒருவர் வெளிநாடு எங்கும் போகாதவர்.

இத்தனைக்கும் ஸ்டீராய்டு ட்யூப்தான் வேர் என்று கருதுகிறேன். பூஞ்சையைக் கொல்லாமல் தோலில் மாதக்கணக்கில் குடிவைத்து, கூடவே அரைகுறையாக மருந்தும் காட்டினால் அது பழகத்தானே செய்யும்? இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கெனத் தனிக் குழுவே அமைத்துப் பல ஆண்டாகக் குரல் கொடுத்து வருகிறது. 2018-இல் மத்திய அரசு தோலில் தடவும் 14 ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் ட்யூபின் மேல் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கவுண்டரில் சீட்டு கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவருக்குக் கடைதானே மருத்துவர் என்று கேட்பவர்களும் உண்டு. வரிசையில் நின்று இழக்கும் கூலியைவிட, மாதாமாதம் ட்யூபுக்கும் பிறகு இட்ராகோனசோலுக்கும் அழும் பணம் அதிகம் என்பதே என் பதில்.

ஸ்டீராய்டின் விளையாட்டு தோலோடு முடிவதில்லை. 2021-இல் கறுப்புப் பூஞ்சை பரவி ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊர் ஊராக அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். கட்டுப்படாத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் நுழைந்தது. வாயில் படியும் வெள்ளைப் பூஞ்சையும் அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இன்ஹேலரை மட்டும் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது உயிர் காக்கும் மருந்து. பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றிவைக்க வேண்டும். கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையைக் கண்டால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பால் என்றால் வந்துவிடும், பூஞ்சை லேசில் வராது. அப்போது குழந்தைக்குச் சொட்டு மருந்தும், தாய்க்கு மார்புக் காம்பில் தடவ மருந்தும் சேர்த்தே எழுதுவார்கள். நடுவயதில் காரணமில்லாமல் வாயில் வெள்ளை படர்ந்தால் சர்க்கரையையும் எச்ஐவியையும் பரிசோதிப்பது அவசியம்.

வாய்க்கான மருந்துகளில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. பிம்ப்ரியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் திருமலாச்சாரும் அவர் சகாக்களும் 1961-இல் கண்டறிந்த ஹாமைசின், வாய்ப்பூஞ்சைக்குப் பூசும் மருந்தாக வெகுகாலம் பயன்பட்டது. இப்போது குளோட்ரிமசோல் மௌத் பெயின்ட்டோ நிஸ்டாட்டின் சொட்டோதான் அதிகம். சாப்பிட்ட பிறகு போட்டு, வாயிலேயே சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். உடனே தண்ணீர் குடித்தால் வீண். இதய வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைகோனசோல் ஜெல்லையோ ஃபுளூகோனசோலையோ தாமாக வாங்கவே கூடாது, இரத்தக்கசிவு வரை போகும்.

மீண்டும் தோலுக்கு வருவோம். படர்தாமரைதானா என்று உறுதிசெய்ய ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மைக்ராஸ்கோப்பும் போதும். தோலைச் சுரண்டி எடுத்த செதிலில் பூஞ்சை இழை தெரிந்துவிடும். கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இது சாதாரணப் பரிசோதனை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரையும் காட்ட வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியாக இருக்கட்டும், வெயிலில் நன்றாகக் காயட்டும். அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்து தொடர வேண்டும், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பல மாதம் கலவை ட்யூப் தடவியவர்களுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் எரிச்சலும் முன்பைவிடக் கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பழையபடி மெடிக்கலுக்குத் திரும்புவது இந்த நாட்களில்தான். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை தடவிய ட்யூபை, நசுங்கிய காலி ட்யூபாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாதம் தடவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.