அட்டையின் காவலும் அந்தரங்கத்தின் விலையும்

கடன் அட்டையைக் களவு கொடுத்தவர் அதனை அறியுமுன்பே அவருடைய வங்கி அறிந்துவிடுவதுண்டு. இது எவ்வாறு இயலுகிறது? அவர் எங்கே, எந்நேரத்தில், எவ்வளவு செலவிடுவார் என்பதை வங்கி முன்னரே கற்று வைத்திருக்கிறது. வழக்கத்தை அறிந்தவனுக்கே வழக்கத்திற்கு மாறானது புலப்படும். எனவே, நம்மைக் காக்கும் அறிவும் நம்மைக் கண்காணிக்கும் அறிவும் ஒன்றே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பிறர் களவாகப் பயன்படுத்திய அட்டைக்கு அதன் உரிமையாளர் ஏற்க வேண்டிய பொறுப்பை 50 டாலருக்குள் வரையறுத்தது. எஞ்சிய இழப்பு பெரும்பாலும் வங்கியையோ வணிகரையோ சார்ந்தது. மோசடியைத் தடுப்பது இவ்வாறு அவர்களது சொந்த நலனாயிற்று. 1992இல் சான் டியாகோ நகரின் எச்.என்.சி. நிறுவனம் 'ஃபால்கன்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. மூளை நரம்பணுக்களின் அமைப்பைப் பின்பற்றிய கணக்கீட்டு முறையால் அது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஐய மதிப்பெண் இட்டது. நியூயார்க்கில் பயன்பட்ட அட்டை ஒரு மணி நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கடையொன்றில் நீட்டப்பட்டால் மதிப்பெண் உயரும், அட்டை மறுக்கப்படலாம்.

இம்முறையின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதன் கணக்கைச் சற்று நோக்குவோம். ஒரு இலட்சம் பரிவர்த்தனைகளில் 100 மோசடியானவை என்றும், கருவி நூற்றுக்கு 99 முறை சரியாகத் தீர்ப்பளிக்கிறது என்றும் கொள்வோம். அது 99 மோசடிகளைப் பிடிக்கும். நேர்மையான 99,900 பரிவர்த்தனைகளிலோ 999ஐத் தவறாக ஐயுறும். அதாவது, தடுக்கப்படும் பதினொருவரில் ஏறத்தாழப் பதின்மர் குற்றமற்றவர்கள்! கடையில் பிறர்முன் அட்டை மறுக்கப்பட்டு நாணி நிற்பவர் பெரும்பாலும் நேர்மையாளரே.

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. காவலுக்கெனத் திரட்டிய செய்தி காவலோடு நின்றுவிடுகிறதா? 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 'காம்புகிரெடிட்' நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. திருமண ஆலோசகரிடமோ டயர் பழுதுபார்ப்பவரிடமோ அட்டையைப் பயன்படுத்தியோரின் கடன் வரம்பு குறைக்கப்படலாம் என்பதை அந்நிறுவனம் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவ்வாண்டே வழக்கு சமரசத்தில் முடிந்தது. குடும்பத்தைச் சீராக்க அறிவுரை நாடியவரைக் கடன் தீர்க்கமாட்டாதவர் என ஐயுறுவது எத்தகைய நீதி?

பெயரை நீக்கிவிட்டால் அந்தரங்கம் காக்கப்படும் என்பாருமுளர். 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு இந்நம்பிக்கையைத் தகர்த்தது. பெயர் நீக்கிய 11 இலட்சம் பேரின் மூன்று மாத அட்டைப் பதிவுகள் ஆராயப்பட்டன. ஒருவர் எந்நாளில் எக்கடைக்குச் சென்றார் என்னும் நான்கே குறிப்புகளைக் கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூறு பேரை அக்கூட்டத்தினின்று தனித்துக் காண முடிந்தது.

ஆகவே, பாதுகாப்பா அந்தரங்கமா என ஒன்றைத் தேர்வது நம்முன் உள்ள வினாவன்று. மோசடியைத் தடுக்கப் பெற்ற செய்தி அதற்கு மட்டுமே பயன்படவும், தேவை தீர்ந்ததும் அழிக்கப்படவும், மறுக்கப்பட்டவர் காரணம் கேட்டு முறையிடவும் வழி வேண்டும். வாயிலில் நிற்கும் காவலாளிக்கு வீட்டின் பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை இல்லை. நம் செலவுப் பதிவுகள் வங்கியிடம் நாம் ஒப்படைத்த அமானிதம். அவை அதன் சொத்தல்ல.