போர்டு போகவில்லை... ஒயர் சேரும் இடம்தான் போயிருக்கிறது!

கத்தரி பூ விடும் நேரம். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தும், செல்போனில் எத்தனை முறை அழைத்தும் மோட்டார் ஓடவில்லை. காலையில் கொட்டகைக்கு வந்த மெக்கானிக், ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைந்த செல்போன் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சுங்க, மாத்தணும்" என்கிறார். புதிய போர்டு வந்து சேர நான்கு நாட்கள். அதற்குள் பூ உதிர்ந்துவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய் செலவும் சேர்கிறது.

பல கொட்டகைகளில் பழகிப்போன காட்சி இது. ஆனால், கழற்றிய போர்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சில நேரம் போர்டில் ஒரு குறையும் இருக்காது. ஓரத்தில் பச்சை அல்லது நீல நிறத்தில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டையில் ஒரு துளை மட்டும் கருகியிருக்கும். வெளியிலிருந்து வரும் ஒயர் போர்டோடு சேரும் கனெக்டர் அதுதான். கன்ட்ரோலர் வாங்கும்போது எத்தனை வருட கியாரண்டி, எந்த சிம் கார்டு என்றெல்லாம் கேட்கிறோம். இந்தக் கட்டையை யாரும் பார்ப்பதில்லை.

லூஸ் கான்டாக்ட் ஏன் கருகுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, இணைப்பில் உள்ள தடையாலும் பெருக்கினால், அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் வாட் கணக்கில் வரும். இறுக்கமான இணைப்பில் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 ஆம்பியர் ஓடினால் கால் வாட் சூடு, யாருக்கும் தெரியாது. திருகு தளர்ந்து தடை 0.1 ஓம் ஆனால், சூடு இரண்டரை வாட். கொசுவிரட்டி மெஷினே சுமார் 5 வாட்தான் இழுக்கிறது. அதில் பாதிச் சூடு ஒரு துவரம்பருப்பு அளவு இடத்தில் மணிக்கணக்கில் இருந்தால் பிளாஸ்டிக் இளகத்தானே செய்யும்? இளகினால் பிடி இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும்.

எந்தக் கனெக்டர், எந்த வேலைக்கு?

5 ஹெச்.பி. மும்முனை மோட்டார் ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி என்றால் இன்னும் கூடும். நல்லவேளையாக, அந்த மின்னோட்டம் போர்டு வழியாகப் போவதில்லை. ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் அதைத் தாங்குகிறது. ஆனால், பேஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக மூன்று பேஸும் போர்டுக்கு வருகின்றன. இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கிறது. போர்டுகளில் அதிகம் காணப்படும், துளைக்குத் துளை 5 மி.மீ. இடைவெளி உள்ள கட்டைகள் பெரும்பாலும் 250, 300 வோல்ட்டுக்கானவை. தூசும் ஈரமும் படிந்தால் அங்கே பொறி தாவும். ஆகவே மூன்று பேஸ் வரும் இடத்தில் ஏழரை மி.மீ. இடைவெளி உள்ள கட்டை இருக்கிறதா, அல்லது நடுவில் ஒரு துளையைக் காலியாக விட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். சாதாரண ஸ்கேல் போதும்.

பேட்டரிக்கும் சென்சாருக்கும் வரும் சின்ன வெள்ளைக் கனெக்டர் வேறு ரகம். இரண்டரை மி.மீ. இடைவெளி உள்ள எக்ஸ்.ஹெச். வகை 3 ஆம்பியர் வரை தாங்கும். சற்றுப் பெரிய, 4 மி.மீ. அளவுள்ள வி.ஹெச். வகை 10 ஆம்பியர் வரை தாங்கும். சொட்டுநீர் வால்வு, மட்டம் பார்க்கும் சென்சார் போன்றவற்றுக்குச் சின்னதே தாராளம். அது பழுதாவது சூட்டால் அல்ல, பாசம் பிடிப்பதால்தான்.

திருகும் கட்டை நல்லதா, அழுத்திச் செருகும் ஸ்பிரிங் கட்டை நல்லதா? கான்டாக்டர் ஒவ்வொரு முறை 'டக்'கென்று இழுக்கும்போதும் பெட்டி அதிர்கிறது. அந்த அதிர்வில் திருகு மெல்லத் தளரும், ஸ்பிரிங் தளராது. ஆனால் நம் ஊரில் திருகும் கட்டையைத்தான் எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது: ஒயரைத் திருகியபடியே மொத்தமாகப் பிடுங்கி எடுக்கும் கட்டை. போர்டு மாற்றும்போது ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டாம். மாற்றிக் கொடுத்துவிடும் அபாயமும் இல்லை. விலை கொஞ்சம் கூடினாலும் கிணற்று மேட்டுக்கு ஏற்றது இதுதான். ஒரே அளவில் இரண்டு கட்டைகள் இருந்தால் மட்டும், இடம் மாறிச் செருகாமல் இருக்க வண்ண டேப் சுற்றிவிட வேண்டும்.

மாட்டும் விதத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. பல இழை ஒயரை அப்படியே முறுக்கிச் செருகினால் பாதி இழைகள் வெளியே நிற்கும். ஈயம் பற்றவைத்துச் செருகுவது அதைவிடத் தவறு. ஈயம் மென்மையானது, திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, பிடி விட்டுப்போகும். ஒயர் முனைக்குப் பின் லக்ஸ் போட்டு, அதற்கான கருவியால் அழுத்திச் செருகுவதே முறை. தோல் 6, 7 மி.மீ. மட்டும் உரிக்க வேண்டும். அதிகம் உரித்தால் செம்பு வெளியே தெரியும். குறைத்தால் திருகு தோலைத்தான் பிடிக்கும். மாட்டியபின் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு இறுக்கு. பழைய சர்வீஸ் ஒயரில் மிஞ்சிய அலுமினியத் துண்டை மட்டும் போர்டுக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. மோட்டார் கொட்டகைதான் பலருக்கு உரக் கிடங்கு. யூரியா ஈரம் பட்டுக் கரைந்தால் வரும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். சாம்பல் நோய்க்கு வாங்கி வைத்த கந்தகத் தூளும் செம்பைக் கறுக்கச் செய்யும். ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தால் முதலில் மூலையில் இருக்கும் மூட்டைகளைப் பாருங்கள். பெட்டிக்குள் ஒயர் நுழையும் துளை அடிப்பக்கம் இருக்க வேண்டும். ஒயரைக் கீழே வளைத்து மேலேற்றினால் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பல்லி, எறும்பு புகாதபடி ரப்பர் வாஷரும் தேவை.

மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது. போர்டைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், பழைய போர்டைக் கையில் வாங்கிக்கொண்டு டவுனில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டலாம். கட்டை மட்டும் கருகியிருந்தால், அதைப் பிரித்துப் புதிதாகப் பற்றவைக்க அரை மணி நேரம்கூட ஆகாது.