பட்டையோடு நீரேற்றியையும் மாற்றலாமா?

கோடை விடுமுறைக்கு நாகபுரியிலிருந்து சென்னைக்குக் காரில் புறப்பட எண்ணும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மே மாதத்தில் நாகபுரி வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொடுவதும் உண்டு. வண்டியைப் பார்த்த மெக்கானிக், "டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. அதோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடலாம்" என்கிறார். பம்பு ஒழுகவில்லை, ஓசையும் எழுப்பவில்லை. நன்றாக இயங்கும் உறுப்புக்கு ஏன் பணம் செலவிட வேண்டும் என்று வீட்டில் வினா எழுவது இயல்பே.

எஞ்சினின் அடியில் கிராங்க் தண்டு சுழல்கிறது. மேலே கேம் தண்டு சுழன்று வால்வுகளைத் திறக்கிறது. முன்னது இருமுறை சுழலும்போது பின்னது ஒருமுறை சுழல வேண்டும். இவ்வொழுங்கு பிசகாமல் இரண்டையும் பிணைப்பது, பற்களையுடைய இரப்பர் பட்டையாகிய டைமிங் பெல்ட். ஓட்டத்தில் இது அறுந்தால், பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வுகள்மீது பிஸ்டன்கள் மோதும்; வால்வுகள் வளைந்துபோகும். ஆகையால் கையேட்டில் குறித்த கிலோமீட்டர் அல்லது ஆண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போதே பட்டையை மாற்றிவிடுகின்றனர்.

வாட்டர் பம்பை நாம் நீரேற்றி எனலாம். ஆயினும் பணிமனையில் அச்சொல்லைக் கூறினால் விழிப்பார்கள்! எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே குளிர்விக்கும் நீர்மத்தைச் சுற்றிவரச் செய்வது அதன் பணி. அதனுள் இதழ்களுடைய சிறு சக்கரமும், அதன் தண்டைத் தாங்கும் பேரிங்கும், நீர்மத்தைத் தடுக்கும் சீலும் உள்ளன. பெரும்பாலும் முதலில் தேய்வன பேரிங்கும் சீலுமே. சீல் தளர்ந்தால் பம்பின் உடலிலுள்ள சிறு துளைவழியே நீர்மம் கசியும். அத்துளை குறைபாடன்று; கசிவு பேரிங்கை அடையாமல் வெளியேறவும், நமக்கு முன்னறிவிப்புக் கிடைக்கவும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டது.

இனி முதன்மையான வினா: பம்பை எட்டுவதற்கு டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமா? ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில் பம்பைச் சுழற்றுவதே அப்பட்டைதான். மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினிலோ பட்டைக்கு மாற்றாகச் சங்கிலி உள்ளது. அங்கே இவ்வினாவே எழாது. வெளிப்பட்டையால் சுழன்று, எளிதில் கழற்றக்கூடிய இடத்தில் உள்ள பம்பையும் பழுதானபின் மாற்றிக்கொள்ளலாம்.

கழற்ற வேண்டும் எனில், கூலியைக் கணக்கிடுங்கள். பேச்சுக்காகக் கூலி 4,000 ரூபாய், பம்பின் விலை 3,000 ரூபாய் என்போம். இப்போதே மாற்றினால் கூடுதல் செலவு ஏறத்தாழ 3,000 ரூபாய். அடுத்த ஆண்டு பம்பு கசிந்தால், அதே கூலியையும் சேர்த்து 7,000 ரூபாய். கசிந்த நீர்மம் புதிய பட்டையை நனைத்திருந்தால் அதுவும் வீண். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பட்டையே அறுந்து, மேலே கூறிய வால்வுச் சேதம் நேரக்கூடும். அந்தச் செலவின்முன் 3,000 ரூபாய் சிறிது.

ஆனால் எப்போதும் மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பம்பு அண்மையில் மாற்றப்பட்டிருந்தால், பட்டையைக் கழற்றியபின் அதைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். சொரசொரப்போ ஆட்டமோ கசிவின் கறையோ இல்லையெனில் விட்டுவிடலாம். கிடைப்பது போலிப் பம்பு என்றால், நல்ல நிலையிலுள்ள பழையதே மேல். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைத்த பம்பு இச்சோதனையில் தேறினாலும், அடுத்த பட்டையின் காலம் முழுவதும் உழைக்கும் என நம்புவது கடினம். அதை மாற்றுவதே முறை. பட்டையை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் உடன் மாற்றுதல் வேண்டும்.

பம்பை மாற்றியபின் கையேட்டில் குறித்த வகைக் கூலன்ட்டை நிரப்பி, குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கழற்றிய உறுப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைய கிலோமீட்டர் அளவைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கி, வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.