அப்பாருக்குப் பேர் மறந்தால் என்ன?

கோயமுத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அப்பாருக்கு முன்னாட்டம் ஞாபகமில்லீங்க. வரவு செலவெல்லாம் நாங்களே பாத்துக்கறமுங்க."

விஷயம் என்னவென்று விசாரித்தால், எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் பேரனைக் கூப்பிட நினைத்து, முதலில் மகன் பெயரையும், அப்புறம் தம்பி பெயரையும் சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான் குற்றம்! பெட்டிச் சாவி கை மாறிவிடுகிறது.

அதே பெரியவரைப் பாக்குத் தோப்புக்குள் அழைத்துப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த மரம் எந்த வருஷம் வைத்தது, மலையில் மேகம் எப்படிக் கூடினால் நொய்யலில் தண்ணீர் வரும், வியாபாரி சொல்லும் விலையில் எவ்வளவு பொய் என்று புட்டுப் புட்டு வைப்பார். புத்தி மட்டுப்பட்டவர் பேச்சா இது?

சங்கதி என்னவென்றால், மூளையின் திறமைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முதுமை அடைவதில்லை. சட்டென்று பதில் சொல்லும் வேகம் முப்பது வயதிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. (இதை எழுதும் எனக்கும் அந்த வயதுதான், மேலே போவோம்.) பெயர் நினைவுக்கு வருவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்ப்பது ஆகியவை பிறகு தளர்கின்றன. சொல்வளமும் அனுபவ அறிவுமோ அறுபதைத் தாண்டியும் நிலைத்து நிற்கின்றன.

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். நாற்பது வயதுக்கு மேல், பத்தாண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு வீதம் அது சுருங்குகிறது. உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிவதே காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படியல்ல. அணுக்கள் பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றின் கிளைகளும் இணைப்புகளுமே குறைகின்றன. நரம்பிழைகளின் மேலுறை தேய்கிறது. பம்பு செட்டு தெரிந்த கோயமுத்தூர்க்காரருக்குச் சொல்வதானால், மோட்டார் நல்லதுதான், கம்பிதான் பழையது. தண்ணீர் வரும், கொஞ்சம் தாமதமாக.

இதே ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளைப் பலரும் அறிவார்கள். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, நூறு வயதைக் கடந்தும் இயற்கை விவசாயத்தைத் தாமே கவனித்து வந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அந்த அம்மையார் 2024-ல் காலமானார். எல்லோருக்கும் இது வாய்க்காது என்பது வாஸ்தவம். ஆனால் வயது ஆனதாலேயே கணக்கு வழக்கு கையை விட்டுப் போய்விடும் என்பவர்களுக்கு அவர் நல்ல பதில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் கவலைக்குரியது. சாவியை வைத்த இடம் மறப்பது வேறு, சாவி எதற்கு என்பதே மறப்பது வேறு. பழகிய வீதியில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே கால் மணிக்குள் நாலு தரம் கேட்பது, நாள்தோறும் எண்ணிய பணத்தை எண்ணத் தடுமாறுவது ஆகியவை மூப்பல்ல, நோயின் அறிகுறிகள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. "வயசானா அப்படித்தானுங்க" என்று அதை ஒதுக்குவது, பேர் மறந்ததற்காகச் சாவியைப் பிடுங்குவதைக் காட்டிலும் பெரிய அநியாயம்.

டாக்டரிடம் காட்டினால், சில சமயம் தைராய்டுக் கோளாறோ, பி12 வைட்டமின் குறைவோ, மனச்சோர்வோ காரணமாக இருக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு. காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அப்பாரு மறந்துவிட்டதாகச் சொல்லப்படும் சங்கதி, அவர் காதிலேயே விழாத சங்கதிதான்.